படத்தைப் பார்த்துக் கதை எழுதுக

பாடத்திட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பது என் கட்சி. எது முதலில் வருகிறது, எது கடைசிக்குத் தள்ளப்படுகிறது என்பதிலேயே பாதி விஷயம் வெளிவந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் பொறியியல் மாணவர்களுக்கு இருந்த ‘தொழில்முனைவு மேம்பாடு’ என்ற விருப்பப் பாடத்தை அப்படித்தான் வாசித்தேன். மொத்தம் 5 அலகுகள். இரண்டாவது அலகு ஊக்கம். சிறுதொழில் ஏன் நலிகிறது என்பது ஐந்தாவதில்.

ஊக்கம் பற்றிய அலகில் ஒரு சோதனை வருகிறது. ஒரு படத்தைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துக் கதை எழுத வேண்டும். கதையில் சாதிக்கும் வேட்கை எவ்வளவு தெரிகிறதோ அதற்கேற்ப மதிப்பெண். டேவிட் மெக்லீலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் காக்கிநாடா வியாபாரிகளுக்கு நடத்திய பயிற்சியிலும் இப்படிக் கதை எழுதிப் பழகினார்கள். ‘கதை எழுதினா சோறு கிடைக்குமா’ன்னு கேட்பவர்கள் கவனிக்க: தொழில்முனைவுக் கல்வியின் வேரிலேயே ஒரு கதைப் பட்டறை இருக்கிறது.

மெக்லீலண்டிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. முனைப்பு பிறப்போடு வருவதில்லை, பழகிக்கொள்ளலாம் என்றார் அவர். ‘வியாபாரம் அவங்க ரத்தத்துலயே ஊறினது’ என்று சாதி பார்த்துப் பேசும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருத்திக்கு இந்த ஒரு வரி போதும், நிமிர்ந்து உட்கார.

ஆனால் காக்கிநாடாவில் கதை எழுதியவர்கள் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள். பயிற்சி முடிந்து திரும்பிப்போக அவர்களுக்கு ஒரு தொழில் இருந்தது. நம் மாணவிக்கு இருப்பது விடுதி அறையும் கல்விக் கடனும். பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது நின்ற தரையை விட்டுவிட்டோம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மனசை முதலில் வைத்துப் பணத்தைப் பின்னால் வைக்கும் பாடம், தோற்றவளிடம் ‘உனக்கு முனைப்பு பத்தல’ என்று சொல்லாமல் சொல்கிறது. சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் வருடச் சட்டம். அந்தப் பணம் நேரத்துக்கு வராவிட்டால், எத்தனை முனைப்பு இருந்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம் போட முடியாது.

இந்தப் பாடத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஐந்தாவது அலகிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். மூடிய பட்டறை ஒன்றின் வரவு செலவுக் கணக்கை முதல் வாரமே மாணவர்கள் கையில் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு எழுதட்டும், படத்தைப் பார்த்து அந்தக் கதையை.