இஞ்சிவேரும் இங்வரும்: ஒலியொப்புமையின் எல்லை

மொன்றியல் நகரின் தமிழ்க் கடைகளில் இஞ்சித்தூள் பொதிகளின் மேல், கனடாவின் பொதிச்சீட்டு விதிகளின்படி, 'ஜன்ஜாம்ப்ர்' என்னும் பிரெஞ்சுப் பெயரும் 'ஜிஞ்சர்' என்னும் ஆங்கிலப் பெயரும் அருகருகே காணப்படுகின்றன. பக்கத்து அரிசிப் பையில் 'ரி', 'ரைஸ்'. இந்நான்கும் தமிழிலிருந்து சென்றவையே என்பது ஆர்வலர் பலரின் கூற்று. முன்னிரண்டின் வழக்கு வலியது; பின்னிரண்டின் வழக்கு அவ்வாறன்று.

இஞ்சியின் பயணம் ஓரளவு தெளிவானது. பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', இலத்தீனில் 'சிஞ்சிபெர்'. அதன் வழியே பிரெஞ்சும் ஆங்கிலமும். சமற்கிருத 'சிருங்கவேர' என்பதற்குக் 'கொம்பு போன்ற உடல்' எனப் பொருள் கூறுவது பிற்கால விளக்கமே. ஈற்றிலுள்ள 'வேர்' திராவிடச் சொல்லென்பதைப் பலரும் ஏற்பர். அலன் ராஸ் 1952இல் இவ்வொரு சொல்லுக்கெனவே தனிநூல் எழுதினார்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'இஞ்சிவேர்' உயிரில் தொடங்க, பாலிச் சொல் சகரத்தில் தொடங்குகிறது. பெரும்பாலோர் இதனைக் கண்டும் காணாது கடக்கின்றனர். விடை தமிழிலேயே உள்ளது: சிறகு–இறகு, சிப்பி–இப்பி என்னும் இணைகள் காட்டுவதுபோல, தென்திராவிடத்தில் சொன்முதற் சகரம் பல இடங்களில் மறைந்துள்ளது. ஆகவே கடன் சென்றது சகரம் மறையாத பழைய வடிவத்திலிருந்து. இன்றைய தமிழ் வடிவத்திலிருந்து அன்று.

இதனை மறந்தோர் செருமானிய 'இங்வர்' என்பதையும் பின்னிய 'இன்கிவேரி' என்பதையும் கண்டு மகிழ்வர். இன்றைய ஐரோப்பியச் சொற்களுள் 'இஞ்சிவேர்' என்பதற்கு இவை போல் நெருங்கி ஒலிப்பன அரியன. ஆனால் பழைய உயர் செருமானியத்தில் அது 'கிங்கிபெரோ'; முதன்மெய் பின்னரே உதிர்ந்தது. பின்னியமோ சுவீடிய 'இங்கஃபேரா'விடமிருந்து பெற்றது. தமிழில் நேர்ந்த உதிர்வும் செருமானியத்தில் நேர்ந்த உதிர்வும் ஒன்றையொன்று அறியா.

அரிசிக்கு வருவோம். கிரேக்க 'ஒரிசா' அரிசியே என 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணத்தில் எழுதியது அன்றைய சான்றுகளுக்கு நியாயமான ஊகம். இன்றோ பஷ்தூ 'வ்ரிஷெ', பாரசீக 'பிரிஞ்ச்', சமற்கிருத 'வ்ரீஹி' ஆகியவற்றோடு ஒப்பிட்டு, கிரேக்கம் அதனை ஈரானிய மொழியொன்றிடமிருந்து பெற்றதென்பதே பெரும்பான்மைக் கருத்து. கிரேக்கச் சொல்லின் முதல் ஒகரத்துக்கு அவ்வகரம் விளக்கம் தருகிறது. 'அரிசி'யின் அகரம் தரவில்லை.