‘கூலியாள்’ என்னும் சொல்லும் நம் பிரசங்கமும்

யோவான் 10-ஆம் அதிகாரத்தை விளக்கும் பிரசங்கங்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன: நல்ல மேய்ப்பர் அன்பினால் உழைப்பவர், கூலியாள் பணத்துக்காக உழைப்பவன். சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் வட்டாரச் சபைகளில் இதைக் கேட்போர் யாவர்? குரோஸ் கணக்கிலும் கட்டுக் கணக்கிலும் கூலி பெற்றுத் தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைப்போர் அவர்களுள் பலர். கூலிக்கு உழைப்பதே இழிவு என்று ஞாயிறன்று கேட்டு, திங்களன்று அவர்கள் அதே வேலைக்குத் திரும்புகின்றனர். இவ்விளக்கத்துக்குத் திருமறையில் ஆதாரம் உண்டா என்பதே நம் வினா.

கிரேக்க மூலத்தில் இங்கு வரும் சொல் ‘மிஸ்தோட்டோஸ்’. ‘மிஸ்தோஸ்’ கூலி, அதைப் பெறுபவன் மிஸ்தோட்டோஸ், அவ்வளவே. செபெதேயுவின் படகிலிருந்தோரையும் மாற்கு (1:20) இச்சொல்லாலேயே குறிக்கிறார். யாக்கோபும் யோவானும் தம் தகப்பனை அவர்களோடு விட்டுச் சென்றனர். அவர்கள் ஓடிப்போனதாக மாற்கு எழுதவில்லை!

1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்வொரு சொல்லை இரண்டாக்கிற்று. மாற்குவில் ‘ஹயர்டு சர்வன்ட்ஸ்’, யோவானில் ‘ஹயர்லிங்’. எனினும் அதே மொழிபெயர்ப்பில் மல்கியா 3:5-இன் ‘ஹயர்லிங்’, கர்த்தர் யாருக்காகச் சாட்சியாக வருகிறாரோ அந்த ஒடுக்கப்பட்டவன். ஆகவே அச்சொல் அங்கு வசையன்று. பிற்காலத்தில் ஏளனமே அதில் ஓங்கிற்று. 1659-இல் மில்டன் எழுதிய துண்டுநூல் ‘ஹயர்லிங்’களைத் திருச்சபையினின்று அகற்றும் வழியைப் பேசியது, அவர் சாடியது ஊதியத்துக்காகப் பணிபுரிந்த குருமாரை! ‘லேபரர்’, ‘வொர்க்கர்’ என்னும் சொற்களுக்கு இக்கறை இல்லை. அண்மைக்கால ஆங்கிலப் பதிப்புகள் சில ‘ஹயர்டு ஹேண்ட்’ என எளிமைக்குத் திரும்பியுள்ளன.

நம் பழைய திருப்புதல் ஈரிடத்தும் ‘கூலியாள்’ என்றே வைத்தது. இவ்வகையில் அது 1611-இன் ஆங்கிலத்தைவிட மூலத்துக்கு நெருங்கியது. 1995-இன் திருவிவிலியம் யோவானில் ‘கூலிக்கு மேய்ப்பவர்’ என்கிறது. ஒரு வகுப்பாரைச் சுட்டாமல் செயலைச் சுட்டுவதும், மரியாதை விகுதி தருவதும் பாராட்டத்தக்கவை. ஆனால் மாற்குவோடுள்ள உறவு மறைந்துபோயிற்று. ஆகவே பழையதையே நாம் விரும்புகிறோம். குறை மொழிபெயர்ப்பிலன்று, ‘ஹயர்லிங்’கின் நாற்றத்தை ‘கூலியாள்’மேல் பூசிவிடும் நம் வாசிப்பிலேயே உள்ளது.

யோவான் 10-க்குப் பின்புலமான எசேக்கியேல் 34-இல் குற்றஞ்சாட்டப்படுவோர் மேய்ப்பர்களே. கூலியாளைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. லூக்கா 10:7-இலும், சபை மூப்பரைப் பற்றிய 1 தீமோத்தேயு 5:18-இலும் உள்ளது அதே ‘மிஸ்தோஸ்’தான். நாம் வாங்குவதைச் சம்பளம் என்றும் படி என்றும் அழைத்துக்கொள்கிறோம். பவுல் கூலி என்கிறார்.

உவமையில் கூலியாள் ஓடுகிறான், உண்மை. ஆடுகள் அவனுக்குச் சொந்தமல்ல என்றும், அவன் கூலியாள், ஆடுகளுக்காகக் கவலைப்படான் என்றும் அங்குக் காரணம் கூறப்படுகிறது. சொந்தமல்லாததற்காக எவரும் உயிரைக் கொடார் என்று பொதுவிதியாக்கவும் இயலாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளே சிக்கியோரைக் காப்பாற்ற ஓடிச் சென்ற சுற்றுவட்டாரத்தாரும் மாண்டவர்களுள் இருந்தனர்.

இவ்வட்டாரத்தில் யோவான் 10-ஐப் பிரசங்கிப்போர் எசேக்கியேல் 34-ஐ முதற்பாடமாக வாசிக்கச் செய்யலாம். கூலியாளைப் பற்றிப் பேசுமுன் மல்கியா 3:5-ஐயும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளலாம்.