வேதமும் வெளிப் புத்தகமும்

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் மூன்று பொருள்களைக் கேட்கிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புத்தகங்கள், தோற்சுருள்கள். மரணம் அருகில் நிற்கிறது என்று அவரே சொல்லும் நேரத்தில் புத்தகம் எதற்கு என்று பிரசங்கிகள் வியப்பார்கள். அவை எந்தப் புத்தகங்கள் என்பதுதான் என் ஆர்வம். வேதச் சுருள்கள் மட்டுமா? அத்தேனேயில் கிரேக்கப் புலவர்களின் வரியை எடுத்துக்காட்டிப் பேசியவர் ஆயிற்றே அவர்.

கிறிஸ்தவ வாசிப்பைப் பற்றிய பழைய வழக்கு இதுதான்: வேதம் போதுமா, வெளிப் புத்தகமும் வேண்டுமா? அத்தேனேக்கும் எருசலேமுக்கும் என்ன உறவு என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் சீறினார். ரோமானிய எழுத்தாளர் சிசெரோவை விடமுடியாமல் தவித்த சபைத் தந்தை எரோனிமுசுக்கு அந்தக் குற்ற உணர்வு கனவில் நியாயத்தீர்ப்பாகவே வந்தது. பிஷப் பேசில் இளைஞர்களுக்கு எழுதியபோது, கிரேக்க இலக்கியத்தில் நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் துறவு மடத்தின் நாளில் வாசிப்புக்கென்று மணிநேரம் ஒதுக்கினார். தவக்காலத்தில் ஆளுக்கொரு புத்தகம். வாசிக்காமல் சோம்பி இருப்பவரைக் கண்டுபிடிக்க மூத்தவர்கள் சுற்றி வருவார்கள். வாசிப்பைக் கண்காணிக்கும் பழக்கமும் அப்படிச் சேர்ந்தே வளர்ந்தது. ரோமின் தடை நூல் பட்டியல் 1559இல் வந்து 1966 வரை நீடித்தது.

தமிழில் இந்த வழக்கு இன்னும் சுவையானது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிறகு சுவடி தேடத் தொடங்கினார். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் உள்ளன. பலவற்றுக்கு அவருடைய கருத்தும் உண்டு. ஆய்வாளர் வில் ஸ்வீட்மன் 2012இல் வெளியிட்ட பதிப்பைப் புரட்டினால் அந்த மனிதரின் அலமாரியையே பார்த்ததுபோல் இருக்கும். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் அவர் ஜெர்மனில் பெயர்த்தார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி 1713இல் ஜெர்மனியிலுள்ள ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கிருந்து மிஷனை வழிநடத்திய பிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. மிஷனரிகளை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் நிலை. நூல் அச்சேறியது 1867இல், அதுவும் சென்னையில். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட (1715) அதே மனிதரின் வாசிப்பை அவருடைய சபையே நூற்றைம்பது வருடம் மூடி வைத்திருந்தது.

கத்தோலிக்கர் பக்கம் அச்சு முன்பே வந்துவிட்டது: 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம், 1586இல் முத்துக்குளித்துறைப் பரதவருக்காக அடியார் வரலாறு. ஆனால் விவிலியம் பொதுமக்கள் கைக்கு வரத் தாமதமாயிற்று. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வாசிக்கச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கத்தோலிக்க மிஷனரி வீரமாமுனிவர் திருக்குறளின் முதல் இரு பால்களை லத்தீனில் பெயர்த்திருந்தார். அவருடைய தேம்பாவணிக் காப்பியத்தின் நடை தமிழ் இலக்கிய வாசிப்பின் விளைச்சல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு வாசகர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நெல்லை வைணவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் கதையை எடுத்து 1894இல் இரட்சணிய யாத்திரிகம் தந்தார். கம்பனை ஊறப்படித்த காது இல்லாவிட்டால் அந்தக் காப்பியம் இல்லை. மதம் மாறினார், புத்தகத்தை மாற்றவில்லை. இன்னொருவர் சைவரான ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர், 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதி மிஷனரிகளை மடக்கினார். கோயில் கிரியைகளைப் பழித்தவர்களுக்கு எருசலேம் ஆலயத்தின் பலிகளையும் தூபத்தையும் எடுத்துக்காட்டினார். வேதத்தை அதன் காவலர்களைவிட நுணுக்கமாக வாசித்திருந்தார் என்றே தோன்றுகிறது. ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன் இருவரையும் பற்றி நன்றாக எழுதியிருக்கிறார்.

எழுத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த சாதிகளுக்கு மிஷன் பள்ளி என்ன செய்தது என்பதைத் தனியாகத்தான் எழுதவேண்டும். நெல்லைச் சிற்றூர்களில் ஞாயிறு ஜெபம் நடந்த கட்டடமே மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், உபதேசியாரே வாத்தியார். வேதத்தின் மேல் விரல் ஓட்டி எழுத்துக் கூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் ஆனார்கள்.

இன்று? ஆராதனை முடிந்து வெளியே வந்தால் புத்தக மேசையில் வாக்குத்தத்தக் காலண்டர், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த ஆசீர்வாத நூல்கள். கிருஷ்ணபிள்ளை கிடைப்பது அபூர்வம். வெளிப் புத்தகம் போனால் போகட்டும், வேதம் வாசிக்கப்படுகிறதா? காலண்டர்களின் செல்லப்பிள்ளை எரேமியா 29:11. தீமைக்கல்ல, நன்மைக்கான நினைவுகளே உங்களைக் குறித்து எனக்கு உண்டு என்ற பொருள்பட வருவது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவரி அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று தொடங்கும் கடிதம். முந்தைய வசனம் எழுபது வருடம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பலர் திரும்பி வரமாட்டார்கள். இதை அறிந்து வாசித்தால் வசனம் சிறுத்துவிடாது, கனம் கூடும். ஆனால் காலண்டர் தாளில் பத்தாம் வசனத்துக்கு இடமில்லை. செல்போனில் அனுப்பும் வசனப் படத்திலும் இல்லை.

தமிழ்க் கிறிஸ்தவ வாசிப்பைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி எழுதியவர்கள், அச்சிட்டவர்கள், மொழிபெயர்த்தவர்கள் பற்றியது. வாசித்தவர்களைப் பற்றிக் குறைவு. அதற்கான சான்றுகள் பல வீட்டுப் பீரோக்களில் கிடக்கின்றன: அட்டை கிழிந்த பழைய வேதாகமங்கள், உள்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானத் தேதிகள், ஓரத்தில் பென்சில் குறிப்புகள். எந்தப் பக்கம் அழுக்கேறியிருக்கிறது, எந்தப் பக்கம் புரட்டாமலே புதிதாக இருக்கிறது என்று பார்த்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும். புது வேதாகமம் வாங்கியதும் பழையதை எடைக்குப் போடாமல் யாராவது சேகரிக்கவேண்டும்.