திபேரியஸின் வெள்ளிக் காசு

ரோமச் சக்கரவர்த்தி திபேரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டபோது வெளியிட்ட தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசை, வாகை சூடிய சிரம் ஒருபுறமும், செங்கோலும் இலைக்கொம்பும் ஏந்தி வீற்றிருக்கும் ஸ்திரீ ரூபம் மறுபுறமும் பொறித்திருப்பதைக் கொண்டு இனங்காண்பது எளிதே. ஆனால் அது மெய்யானதா என்று நிர்ணயிப்பதில்தான் பரீட்சகரின் வித்தை முழுதும் பிரகாசிக்கிறது. எடை ஏறக்குறைய மூன்றே முக்கால் கிராம் இருத்தல் வேண்டும். அதனினும் சிறந்த சாட்சி விளிம்பு. சம்மட்டியின் ஒரே அடியில் உலோகம் நடுவினின்று புறநோக்கிப் பாய்ந்ததனால், எழுத்துகளின் ஓரத்தே மயிரிழை போன்ற ரேகைகளும், விளிம்பிலே சிறு வெடிப்புகளும் பூதக்கண்ணாடியில் புலனாகும். வார்த்தெடுத்த போலியிலோ காற்றுக் குமிழியின் குழிகளும், இணைப்புக் கோட்டை அரத்தால் ராவிய சுவடுமே எஞ்சும். செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய போலிகள் அக்காலத்திலேயே உலவின; பெயர்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு தோன்றும் அவையும் சரித்திரச் சின்னங்களே, அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த ரோமப் பொற்காசுகள் பலவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தில் உளிவெட்டு காணப்படுகிறது. அத்தகைய வெட்டைக் கண்டதும் போலியென்று தள்ளிவிடலாகாது. பழங்காசு கைக்கு வந்தால், தயவுசெய்து புளியிட்டுத் துலக்காதீர்கள். அதன்மேல் படிந்த கருமையும் சாட்சியம்தான்.