வெள்ளைச் சேலைக்கு அப்பால்

கே.பி.சுந்தராம்பாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1933இல் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்த ஆண்டு எஸ்.ஜி.கிட்டப்பா இறந்தார். ஏற்கெனவே மணமானவரைத்தான் சுந்தராம்பாள் மணந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 25. பிறகு வெள்ளைச் சேலை, ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற உறுதி. இதைப் பத்தினிக் கதையாகவே சொல்லிச் சொல்லி, அவருடைய தொழிலை நாம் மறைத்துவிட்டோம் என்பேன்.

‘நந்தனார்’ (1935) படத்துக்கு அவர் வாங்கியது ஒரு லட்சம் ரூபாய். துக்கத்தில் ஒடுங்கியவர் கேட்கிற தொகையா அது? மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்டிய தன் குரலின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது. ஜோடி வேண்டாம் என்றவர் நாயகன் வேடத்தையே எடுத்துக்கொண்டார். பெண்கள் ராஜபார்ட் போடுவது நாடக மேடைக்குப் புதிதுமல்ல. 1951இல் சட்ட மேலவைக்கும் போனார்.

ஆனாலும் அந்த உறுதிக்குச் சினிமா தன் கணக்கை எழுதிக்கொண்டது. மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள்: துறவி, கிழவி, மறுபடி துறவி. ‘ஔவையார்’ வந்த 1953இல் அவருக்கு 45 வயதுதான். ஏறத்தாழ அவர் வயதுக்காரரான தியாகராஜ பாகவதர் 1957இல்கூட நாயகன்.