டூன் முதல் லண்டன் வரை: பிரித்தானியத் துப்பாக்கி அலங்காரக் கலை

பழைய பிரித்தானியத் துப்பாக்கியைப் பார்ப்பவர்கள் வெள்ளி வேலையைத்தான் முதலில் தேடுவார்கள். நான் திருகாணித் தலைகளைப் பார்ப்பேன். 19ஆம் நூற்றாண்டின் உயர்தர லண்டன் வேலையில் அவற்றின் வெட்டுக்கோடுகள் எல்லாம் குழல் நீளும் திசையிலேயே ஒன்றுபோல் கிடக்கும். ஆணி இறுகி நிற்கும் நிலையைக் கணித்துக் கோடு வெட்டியவனின் பொறுமை அது. அலங்காரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இத்தீவின் மரபுகளில் என் மனம் அதிகம் தோய்வது ஸ்காட்லாந்தின் டூன் ஊரில். தாமஸ் கேடெல் 1646இல் அங்கே பட்டறை அமைத்தார். கேம்பெல், மர்டாக் போன்ற கைகள் பின்னர் அவ்வூரின் பெயரை வளர்த்தன. டூன் கைத்துப்பாக்கியில் மரமே இல்லை. பிடியும் உலோகம், அதன் முனை ஆட்டுக்கடாவின் கொம்புகள்போல இருபுறமும் சுருண்டு நிற்கும். கொம்புகளுக்கிடையே ஒரு சிறு குமிழ்; அதைத் திருகிக் கழற்றினால் வெடிமருந்துத் துளையைக் குத்திச் சுத்தம் செய்யும் ஊசி கையில் வரும். விசையும் ஒரு சிறு உருண்டைதான். அதைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது. எஃகில் வெட்டிய பின்னல் கோலங்களுக்கிடையே வெள்ளித் தகடுகள் பதிந்திருக்கும். எந்த அழகும் மேலே ஒட்டவைத்ததாகத் தோன்றாது. அதனால்தான் இதையே முதலிடத்தில் வைக்கிறேன். ஹைலேண்ட் மக்கள் ஆயுதம் தரிப்பதைத் தடுத்த 1746ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஹைலேண்ட் படைப்பிரிவுகளுக்காக பர்மிங்காமில் ஐசக் பிசெல் போன்றோர் செய்தவற்றில் கொம்பு வடிவம் மிஞ்சியது. டூன் கையின் நுணுக்கம் மிஞ்சவில்லை.

லண்டனின் வழி வேறு. துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. வழக்கத்தைவிட அதிக மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே கிரீட முத்திரை. பிரான்சிலிருந்து வந்த ஹியூகெனோ எனப்படும் புராட்டஸ்டண்ட் கைவினைஞர்கள் பாரிஸ் நயத்தையும் கொண்டுவந்தார்கள். பியர் மொன்லோங் அவர்களில் ஒருவர். 18ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்கம்பி இழைப்பு தழைத்தது. வால்நட் கட்டையில் மெல்லிய கீறல் இட்டு, தட்டையாக்கிய கம்பியை விளிம்பு நிற்கத் தட்டி இறக்குவார்கள். பிறகு ஈரம் காட்டினால் மரம் ஊதிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடியின் அடியில் வெள்ளியில் வார்த்த கோர முகம் ஒன்று விழித்துப் பார்க்கும்.

லண்டன் துப்பாக்கி வினைஞர் ஜோசப் மான்டன் காலத்தில் இந்த வெள்ளிப் பெருக்கு வடிந்தது. அவருடைய துப்பாக்கிகளின் அழகு வடிவத்திலும் பொருத்தத்திலும் இருந்தது. இதை வறட்சி என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. கட்டைக்கும் இரும்புக்கும் இடையே மயிரிழை நுழையாத பொருத்தமும் அலங்காரமே.

மான்டனிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டியின் பெயர் தாங்கிய நிறுவனம் ரோஜாவும் நுண்சுருளுமான செதுக்கலால் புகழ்பெற்றது. இந்தச் செதுக்கல் இரும்பு மிருதுவாக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். அதன்பின் உறுப்புகளை எலும்புக்கரி, தோல்கரியோடு பெட்டியில் அடைத்துப் பழுக்கக் காய்ச்சி நீரில் கொட்டுவார்கள். நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் மேகம்போல் படரும். மேற்பரப்பு கண்ணாடிபோல் கடினமாகும். பிறகு உளி ஏறாது. சுருளில் ஒரு கோடு பிசகியிருந்தால் அது அப்படியே நிற்கும்.