கம்யூனிஸ்ட் அறிக்கையின் பூர்வோத்தரம்

தையற்காரர், செருப்புத் தைப்போர் முதலிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் தாயகத்தை விட்டுப் பாரிஸில் பிழைத்துவந்த காலத்தில், 1836இல் நிறுவிய நீதியாளர் சங்கம் என்னும் இரகசிய ஸ்தாபனத்தின் தூதராக, ஜோசப் மோல் என்ற கடிகாரத் தொழிலாளி 1847இன் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் சென்று கார்ல் மார்க்ஸைச் சங்கத்தில் சேர அழைத்ததே கம்யூனிஸ்ட் அறிக்கையின் பூர்வகதை. அவ்வாண்டு லண்டனில் கூடிய மகாநாட்டில் கம்யூனிஸ்ட் சங்கமெனப் பெயர் மாற்றிக்கொண்ட அவர்கள், தங்கள் கொள்கையை உலகறியச் சொல்லும் பொறுப்பை மார்க்ஸிடமும் அவருடைய தோழர் ஏங்கெல்ஸிடமும் ஒப்படைத்தனர். ஏங்கெல்ஸ் முன்னமே ஞானோபதேசப் பாணியில் 25 கேள்விகளும் பதில்களுமாக ஒரு வரைவு எழுதியிருந்தார். சரித்திரத்தைச் சொல்ல அவ்வடிவம் இடங்கொடாதென்று கண்டு, அதைக் கைவிடுமாறு அவரே மார்க்ஸுக்கு எழுதினார். மார்க்ஸோ நாட்களைக் கடத்தினார். பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் கைப்பிரதி வந்து சேராவிடில் நடவடிக்கை எடுக்க நேருமென்று 1848 ஜனவரியில் சங்கத்தின் லண்டன் கமிட்டி அனுப்பிய கடிதத்தைப் பார்த்தால், மகத்தான நூலுக்கும் கடன்காரனைப்போல் ஒருவர் வாசலில் நின்றுதான் தீரவேண்டும் போலும்!

ஆசிரியர் பெயரின்றி 23 பக்கங்களில் அந்நூல் அச்சேறிய அதே பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்தது. ஆயினும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1852இல் கோலோன் நகரில் சங்கத்தினர்மீது நடந்த வழக்கின் விளைவாகச் சங்கமே கலைந்தபின், சுமார் இருபதாண்டுகள் அறிக்கையைத் தேடிப் படித்தவர் சிலரே. அதற்கு மறுவாழ்வு தந்தவர்களில் அதன் சத்துருக்களுக்கும் பங்குண்டு. 1872இல் ஜெர்மன் சோஷலிஸ்ட் தலைவர்களான பெபெல், லீப்னெக்ட் ஆகியோர்மீது லைப்சிக் நகரில் நடந்த ராஜத்துரோக வழக்கில், அரசுத் தரப்பினரே அறிக்கையைச் சாட்சியமாக வாசித்ததால், அது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறி, பகிரங்கமாக அச்சிடத்தக்க ஆவணமாயிற்று. பாரிஸ் கம்யூன் என்னும் தொழிலாளர் ஆட்சி வீழ்ந்த மறுவருஷமான அந்த 1872இல் வெளிவந்த பதிப்பின் முன்னுரையில், சில பகுதிகள் காலத்தால் பழையனவாகிவிட்டன என்று ஆசிரியர்கள் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். 1882இல் ருஷ்யப் புரட்சியாளர் பிளெகானவ் செய்த ருஷ்ய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதற்குப்பின் ருஷ்யாவில் நிகழ்ந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை.

நூலின் சிகரம் முதற்பகுதி. முதலாளி வர்க்கத்தின் சவக்குழியைத் தோண்டவந்த இந்நூலைப்போல, நீராவியையும் ரயிலையும் தந்தியையும் கொண்டு அவ்வர்க்கம் உலகையே மாற்றியமைத்ததை மனமாரப் புகழ்ந்த முதலாளி எவரேனும் உண்டோ என்பது சந்தேகமே. அன்றைய பிற சோஷலிஸ்டுகளைச் சாடும் மூன்றாம் பகுதி, இன்று சரித்திர மாணாக்கருக்கே பயன்படும். இரண்டாம் பகுதி கோரும் படிப்படியாக உயரும் வருமான வரியும், குழந்தைகளுக்கு இலவசக் கல்வியும், ‘கம்யூனிஸம்’ என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிக்கும் தேசங்களிலும் சட்டமாகிவிட்டன.

தமிழில் 1931இலேயே ஈ.வெ.ரா.வின் ‘குடி அரசு’ ஏடு இதன் பகுதிகளை வெளியிட்டது. இதனை வேதமாகப் போற்றுவோரும் விஷமெனத் தூற்றுவோரும், முதற்பகுதியோடு அந்த 1872ஆம் ஆண்டு முன்னுரையையும் ஒருமுறை சேர்த்துப் படிப்பார்களாக.